பேட்டரி புதுசு, ஆனாலும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை: ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் கார். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று மூன்று வாரம் முன்பு புது பேட்டரி போட்டேன். இப்போது மறுபடியும் அதே தொல்லை. வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, அன்று முழுக்க நன்றாக ஓடுகிறது. ஓடும்போது பேட்டரி விளக்கும் எரிவதில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார். என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. மாற்றுவதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பார்த்த பிறகுதான் மாற்றவும் வேண்டும். உங்கள் மெக்கானிக் என்ன அளந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அளந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். முதலில் பேட்டரி, அது சரிவராவிட்டால் ஆல்டர்னேட்டர், அதுவும் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதற்குப் பெயர் பழுது பார்ப்பது இல்லை. உங்கள் காசில் அவர் ஊகம் செய்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது: அன்று முழுக்க ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் சுத்தமாகச் செத்திருந்தால் வண்டி பேட்டரியில் இருக்கும் கரண்டை மட்டும் தின்று கொஞ்ச தூரம் போகும், அப்புறம் வழியில் நின்றுவிடும். உங்களுடையது நிற்கவில்லை. ஆகவே சார்ஜ் குறைவாக ஏறுகிறதா, இல்லை ஏறிய சார்ஜ் ராத்திரியில் எங்கோ வடிகிறதா என்பதுதான் கேள்வி.

சோதனைக்கு முன் பேட்டரியை சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிடுங்கள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. முழுதாக ஏறியதைச் சில மணி நேரம் சும்மா விட்டு, மல்டிமீட்டரை டிசி 20 வோல்டில் வைத்து இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 12.6 அளவில் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.0 என்றால் கால் பங்குதான். வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்; அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டெர்மினல்களையும் அப்படியே பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். புது பேட்டரி போட்ட ஆள் கிளாம்பைச் சரியாக இறுக்காமல் போனதால் வந்த தொல்லையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருந்தாலோ பளபளவென்று தேய்ந்திருந்தாலோ அதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது எஞ்சினை ஓடவிட்டு அளந்து பாருங்கள். கழுத்துத் துண்டு, தொங்கும் சட்டை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஹெட்லைட், ஏசி விசிறி எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள், அப்போதும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடியும் 12.5ஐத் தாண்டாமல், நேரம் போகப் போக இறங்கிக்கொண்டே இருந்தால் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. புது பேட்டரியைப் பொரித்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நிறைய நல்ல ஆல்டர்னேட்டர்கள் குப்பைக்குப் போகின்றன. சமீபத்திய கார்கள் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே சோம்பலாக ஓடவிடும். அப்போது மீட்டரில் 12.8 மட்டுமே தெரியலாம். கொஞ்ச நேரம் கழித்து, பிரேக் பிடிக்கும்போது, அதே வண்டி 14.8 காட்டலாம். ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, 12.8தான் வருகிறது, போயிற்று என்று தீர்ப்புச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஹெட்லைட்டையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் போட்டு, சில நிமிடம் விட்டு, மறுபடி பாருங்கள். சுமை ஏறியதும் வோல்ட் உயர்ந்தால் ஆல்டர்னேட்டர் நலம். உங்கள் வண்டி ஆறு வருடம்தான் ஆனது என்பதால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. இவ்வளவையும் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு வோல்ட் எவ்வளவு என்று நன்றாகத் தெரியும். அதை மீட்டர் போர்டில் ஓர் எண்ணாகக் காட்டினால் வண்டிக்காரருக்கு எவ்வளவோ உதவி. ஆனால் நமக்குத் தருவது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான், அதுவும் காரியம் கெட்ட பிறகு.

அந்த விளக்கு ஓடும்போது எரிவதில்லை என்கிறீர்கள். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் எரிகிறதா? எரிய வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான சின்னக் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் ஏறாமல் போகலாம், எச்சரிக்கையும் வராது.

வோல்ட் குறைவாக இருந்தால் குற்றவாளி வயராகவும் இருக்கலாம். ஹெட்லைட் போட்டு எஞ்சின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் வந்தால் எர்த் வயர் சரியில்லை. அதேபோல பேட்டரி பிளஸுக்கும் ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்டுக்கும் நடுவே பாருங்கள், 0.3ஐத் தாண்டினால் அந்தக் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. ஒரு வயரை மாற்றினால் முடிகிற வேலை இது.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நின்றுபோனால் ஆல்டர்னேட்டர் கெட்டது, ஓடினால் நல்லது என்று சொல்லும் பழைய வித்தை. கழற்றுகிற அந்த நொடியில் வோல்ட் எகிறிப் பாயும். கம்ப்யூட்டரையும், ஆல்டர்னேட்டரில் கரண்டை ஒரே திசையில் மட்டும் போகவிடும் டயோடுகளையும் கொன்றுவிடலாம். அதாவது நல்லதாக இருந்த ஆல்டர்னேட்டரும் சோதனையிலேயே கெடலாம். மெக்கானிக்கின் வாக்கும் பலித்துவிடும்!

எல்லா அளவும் சரியாக வந்தால் ராத்திரியில் வடியும் கரண்டைத் தேட வேண்டும். கதவு, டிக்கி எல்லாம் மூடி, சாவியை எடுத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, சிவப்பு முனையையும் அதற்குரிய துளைக்கு மாற்றி, பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவே பொருத்துங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். அரை மணி நேரம் பொறுங்கள், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள்; எதை உருவும்போது இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருட்டு. பின்னால் யாரோ பொருத்திய கேமரா, ஆடியோ, டிராக்கர் போன்றவைதான் பெரும்பாலும் அகப்படும்.

எந்த பியூஸை உருவியும் இறங்கவில்லையா? மீட்டரை எடுத்துவிட்டு, மைனஸ் கழன்ற நிலையிலேயே, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, எதிலும் படாமல் துணி சுற்றி வைத்து, மீட்டரை மறுபடி அதே இடத்தில் பொருத்தி அளந்து பாருங்கள். கரண்ட் இறங்கினால் டயோடு ஒழுகுகிறது. பகலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே ராத்திரியில் அதை உறிஞ்சும் வியாதி அது. அப்படியானால் மெக்கானிக் சொன்ன பெயர் சரிதான். ஆனாலும் முழுசாக மாற்றச் சம்மதிக்கும் முன், டயோடு தட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று ஆல்டர்னேட்டர் சரிசெய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேளுங்கள். முழுசாகத்தான் மாற்ற வேண்டும் என்றாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வந்தால் பெயின்ட் அடித்துக்கொண்டு வேறு யாராவது ஒருவருடைய வண்டிக்குப் போய்ச் சேரும்.