சிபியு சும்மா கிடக்கிறது, பக்கம் மட்டும் ஏன் தாமதம்?

கேள்வி: எங்கள் ஜாவா செயலி டாம்கேட் என்ற வெப் சர்வரில் ஓடுகிறது. நெரிசல் நேரத்தில் சில பக்கங்கள் வர 8 வினாடி ஆகிறது. ஆனால் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ப்ரொஃபைலரிலும் (எந்தக் கோடு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் கருவி) கனமான மெத்தட் எதுவும் சிக்கவில்லை. எங்கே தேடுவது?

பதில்: சிபியு ப்ரொஃபைலர் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்களை (செயலிக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் இழைகளை) மட்டுமே கணக்கில் எடுக்கும். உங்கள் த்ரெட்கள் காத்திருக்கின்றன. எதற்காக என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நெரிசல் நேரத்திலேயே, செயலி ஓடும் அதே பயனர் கணக்கிலிருந்து ஜேஸ்டாக் கருவி மூலம் 10 வினாடிக்கு ஒன்றாக 5 த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். (ஜாவாவை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்ஈ உள்ள கன்டெய்னரில் இந்தக் கருவி இருக்காது, டெவலப்பர் கருவிகளும் சேர்ந்த ஜேடிகே வேண்டும்.) ஐந்திலும் ஒரே த்ரெட் ஒரே வரியில் நின்றால் அதுதான் துப்பு. 'எச்டிடிபி-என்ஐஓ' என்று தொடங்கும், பக்கக் கோரிக்கைகளைக் கையாளும் த்ரெட்களைப் பாருங்கள். அவற்றில் டாஸ்க்கியூவில் (வேலை வரிசையில்) நிற்பவை வேலையில்லாமல் இருப்பவை, விட்டுவிடலாம். 'ரன்னபிள்' (ஓடக்கூடியது) என்ற நிலையை நம்பிவிடாதீர்கள். டேட்டாபேஸ் பதிலுக்காக சாக்கெட்டில் காத்திருக்கும் த்ரெட்டும் அப்படித்தான் காட்டும். ஸ்டாக்கின் (மெத்தட் அழைப்புப் பட்டியலின்) மேல் வரிகளே உண்மையைச் சொல்லும்.

டேட்டாபேஸ் இணைப்புகளைப் பூலாக (தொகுப்பாக) வைத்துத் தரும் ஹிகாரிசிபியின் கெட்கனெக்‌ஷனில் கூட்டம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மாற்றாமல் விட்டால் டாம்கேட் 200 த்ரெட் வரை திறக்கும். ஹிகாரி பூலில் இருப்பதோ 10 இணைப்பு. பதினோராவது த்ரெட் 30 வினாடி வரை காத்திருந்து எக்ஸப்ஷனில் விழும். உடனே பூலை 100 ஆக்காதீர்கள், நெரிசல் டேட்டாபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். இணைப்பை விடாமல் வைத்திருப்பது யார் என்று பாருங்கள். ஹிகாரியின் லீக்டிடெக்‌ஷன்த்ரெஷோல்டை 2000 மில்லிவினாடி என்று வைத்தால், அதைவிட நீண்ட நேரம் பிடித்திருக்கும் கோடின் ஸ்டாக் லாகில் வந்துவிடும். டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே பேமென்ட், எஸ்எம்எஸ் போன்ற வெளி ஏபிஐயை அழைப்பது வழக்கமான காரணம். அந்த அழைப்பை வெளியே எடுங்கள். கனெக்ட், ரீட் இரண்டுக்கும் டைம்அவுட் வையுங்கள்.

பூலில் கூட்டம் எதுவும் நிற்கவில்லை என்றால், ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டரை (செயலிக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் கருவி) ஜேசிஎம்டி கட்டளை வழியாக 2 நிமிடம் ஓட விடுங்கள். ஜேடிகே 11 முதல் இது கூடவே வருகிறது. 8 என்றால் 262ஆவது அப்டேட்டாவது வேண்டும். உற்பத்திச் சர்வரில் தயங்காமல் இயக்கும் அளவுக்குச் சுமை குறைவு. பதிவை மிஷன் கன்ட்ரோல் என்ற பார்வைக் கருவியில் திறந்து சாக்கெட் ரீட் (நெட்வொர்க் பதிலுக்கான காத்திருப்பு), மானிட்டர் பிளாக்ட் (லாக்குக்கான காத்திருப்பு) நிகழ்வுகளை நேர வரிசைப்படி பாருங்கள். வழக்கமான அமைப்பில் 20 மில்லிவினாடிக்குக் குறைந்த காத்திருப்பு இதில் பதிவாகாது. ஒரு பக்கத்துக்கு 500 குட்டிக் குவெரி ஓடும் கோளாறு தப்பிவிடும். அந்தச் சந்தேகம் இருந்தால் டேட்டாபேஸ் நூலகமான ஹைபர்னேட்டின் ஸ்டாடிஸ்டிக்ஸை இயக்கி, செஷனுக்கு எத்தனை குவெரி என்று லாகில் பாருங்கள்.