கந்தைத் துணி எதற்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரம் தீர்க்கதரிசி எரேமியாவின் கதை. எபெத்மெலேக் அவரைத் துரவிலிருந்து தூக்கும் இடம் வந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "அக்கா, உள்ள ஒருத்தர் செத்துக்கிட்டு இருக்கார். அந்த அவசரத்துல எதுக்குப் போய் கந்தைத் துணி தேடினாங்க?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். பாடப் புத்தகத்தில் எபெத்மெலேக்குக்கு இரண்டே வரிதான். அவரைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தச் சிறுமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எரேமியா 38-ஆம் அதிகாரத்தைப் பலமுறை படித்தவர்களுக்கும் கயிறுதான் நினைவில் நிற்கும். அவள் துணியைப் பார்த்திருக்கிறாள்.

கி.மு. 587 வாக்கில் நடந்தது. பாபிலோனியப் படை எருசலேமை வளைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே அப்பம் தீர்ந்துவருகிறது. நகரத்தில் இருப்பவன் பட்டயத்தாலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் சாவான், வெளியே போய்ச் சரணடைபவன் பிழைப்பான் என்று எரேமியா ஊரறியச் சொல்கிறார். செப்பத்தியா, கெதலியா, யூகால், பஸ்கூர் என்று நான்கு பிரபுக்கள் அரசனிடம் போகிறார்கள். இந்த ஆள் போர்வீரர்களின் கையைத் தளர்த்துகிறான், கொல்ல வேண்டும் என்கிறார்கள். அரசன் சிதேக்கியா, அவன் உங்கள் கையில்தான் இருக்கிறான், உங்களை மீறி என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒதுங்கிக்கொள்கிறான்.

அவர்கள் எரேமியாவை வெட்டவில்லை. கயிறு கட்டித் துரவுக்குள் இறக்கிவிட்டார்கள். தோட்டந்துரவு என்கிறோமே, அந்த ஊற்றுக் கிணறு அல்ல இது. எருசலேமில் பாறையைக் குடைந்து, உள்ளே சுண்ணாம்பு பூசி மழைத்தண்ணீர் சேர்த்துவைப்பார்கள். பெரும்பாலும் வாய் குறுகி வயிறு அகன்று, குடம் மாதிரி இருக்கும். தானாக ஏறி வர முடியாது. அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை, உளை மட்டும், அதாவது சேறு. அந்த உளையில் எரேமியா அமிழ்ந்தார் என்று வேதம் சொல்கிறது. ஒருவர் மேலும் ரத்தக்கறை படாமல் ஆளை முடித்துவிடலாம்.

இந்தச் செய்தி அரண்மனை வேலைக்காரர் ஒருவர் காதுக்கு வருகிறது. எபெத்மெலேக் என்றால் 'ராஜாவின் வேலைக்காரன்' என்றுதான் அர்த்தம். அம்மா அப்பா வைத்த பெயரா, அரண்மனையில் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயரா, சொல்ல முடியாது. ஊர் கூஷ், இன்றைய சூடானில் நைல் நதியை ஒட்டிய நாடு. கிரேக்க மொழிபெயர்ப்பு அதை எத்தியோப்பியா ஆக்கியது, நமக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. எபிரேயத்தில் அவரைக் குறிக்கும் 'சாரிஸ்' என்ற சொல்லுக்கு அரண்மனை அதிகாரி என்றும் பொருள், அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர் என்றும் பொருள். அண்ணகராக இருந்திருந்தால், உபாகமம் 23-இன்படி கர்த்தரின் சபைக்குள்ளேயே வர முடியாதவர். "எத்தியோப்பியன் தன் தோலையும், சிவிங்கி தன் புள்ளிகளையும் மாற்றக்கூடுமோ" என்று 13-ஆம் அதிகாரத்தில் கேட்டவர் இதே எரேமியாதான். அவரைக் காப்பாற்ற யூதாவின் பிரபுக்களில் ஒருவரும் வரவில்லை. கூஷ் தேசத்தவர்தான் வந்தார்.

எபெத்மெலேக் அரண்மனையில் காத்துக்கொண்டிருக்கவில்லை. அரசன் பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நேரே அங்கே போய், இந்த மனிதர்கள் செய்தது பொல்லாத காரியம், அவர் பசியால் செத்துப்போவார் என்று சொல்கிறார். பிரபுக்களிடம் முடியாது என்று சொல்லத் தெரியாத சிதேக்கியா, இவரிடமும் சொல்லவில்லை. முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போ என்கிறான். ஒரே ஒரு ஆளைத் தூக்க முப்பது பேர் எதற்கு, மூன்று என்றுதான் இருந்திருக்கும் என்று சில அறிஞர்கள் சொல்வதுண்டு. எனக்கு முப்பதுதான் சரியென்று படுகிறது. தூக்க நான்கு பேர் போதும். பிரபுக்களின் ஆட்கள் வந்தால் தடுக்க மற்றவர்கள் வேண்டுமே.

இப்போது துணிக்கு வருகிறேன். ஆட்களோடு அவர் முதலில் போன இடம் துரவு அல்ல, அரண்மனையில் பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த ஓர் இடம். அங்கிருந்து கிழிந்த பழந்துணிகளை எடுத்து, கயிற்றில் கட்டி உள்ளே இறக்குகிறார். அக்குளில் துணியை வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து குரல் கொடுக்கிறார்.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் கோடையில் கிணறு தூர் வாருவார்கள். சேற்றில் இறங்கிய ஒருவருக்குத் திடீரென்று மயக்கம் வந்து, இடுப்புக்கு மேலே வடம் கட்டித்தான் இழுத்தார்கள். சேறு லேசில் விடவில்லை. மேலே வந்தபோது இரண்டு அக்குளிலும் தோல் வழண்டு ரத்தம் கசிந்தது. பத்து நாள் கையைத் தொங்கப்போட முடியாமல், உடம்பிலிருந்து விலக்கியே வைத்துக்கொண்டு நடந்தார். எரேமியாவோ பட்டினி கிடந்து உளையில் புதைந்தவர், வயதும் ஆகியிருக்கும். கயிறு இறுகினால் எங்கே அறுக்கும் என்று எபெத்மெலேக் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். கந்தை எந்த மூலையில் கிடக்கும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதெல்லாம் வேலைக்காரருக்குத்தான் தெரியும். பொக்கிஷ அறைக்குள் என்ன இருக்கிறது என்பது பிரபுக்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அந்த நான்கு பிரபுக்களில் இருவரின் பெயர் மண்ணிலிருந்தும் கிடைத்துவிட்டது. எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில், தொல்லியலாளர் எய்லாத் மசார் நடத்திய அகழாய்வில் செலேமியாவின் மகன் யூகாலின் பெயர் பதிந்த களிமண் முத்திரை 2005-இல் கிடைத்தது. சில மீட்டர் தள்ளிக் கிடைத்த பஸ்கூரின் மகன் கெதலியாவின் முத்திரை 2008-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் விரல்நகம் அளவுதான். அவற்றின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், முத்திரை வைத்திருக்க வழியில்லாத அந்த வேலைக்காரர்தான் என் நினைவுக்கு வருகிறார்.

அடுத்த அதிகாரத்தின் கடைசியையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நகரம் விழும், ஆனால் நீ பயப்படுகிற மனிதரின் கையில் ஒப்புக்கொடுக்கப்பட மாட்டாய், உன்னை நிச்சயமாக விடுவிப்பேன் என்று எபெத்மெலேக்குக்கென்றே எரேமியா மூலம் ஒரு வாக்கு வருகிறது. 'நீ பயப்படுகிற மனிதர்' என்ற சொல்லில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அவர் பயந்திருக்கிறார். பென்யமீன் வாசலில் பேசியபோதும், கந்தையைப் பொறுக்கியபோதும், குனிந்து குரல் கொடுத்தபோதும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. 38-ஆம் அதிகாரம் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம், அடுத்த வாரம் வகுப்புக்குப் போகும்போது ஒரு தேங்காய்நார்க் கயிறும் ஒரு பழைய வேட்டியும் எடுத்துப் போங்கள். கேள்வி கேட்ட பிள்ளையையே கூப்பிட்டு, கயிற்றை அக்குளில் கொடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுங்கள். பிறகு வேட்டியை மடித்து வைத்து இன்னொரு முறை. மற்றதை அவளே வகுப்புக்குச் சொல்லிவிடுவாள்.