துருத்தியும் தூசியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் தண்ணீரின்றித் தங்கம் பிரித்தவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கும் பொறியாளன். தண்ணீரின்றிக் காற்றை ஊதி மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் ட்ரைவாஷர் என்ற பெட்டி ஒன்றை, தோளில் சுமந்து செல்லும்படி ஒட்டுப்பலகையில் செய்துவருகிறேன். அடியில் எந்தத் துணியைக் கட்டுவது, பெட்டியை எவ்வளவு சாய்ப்பது, காற்றுக்குத் துருத்தி நல்லதா மோட்டார் நல்லதா என்று சொல்ல முடியுமா? வார இறுதிகளில் என் பத்து வயது மகன் மண் அள்ளிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாத்தாவின் வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கோலார் தங்கவயலிலிருந்து திரும்பிய மறுநாள் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கடைசி வரியைத் தாண்டி வேறெதையும் வெகுநேரம் யோசிக்க முடியவில்லை.

துணிக்கும் சாய்வுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. காற்றை விட்டுப் பொடித்தங்கத்தை விடாத நெருக்கமான பருத்தித் துணி போதும். சாய்வை அந்தந்த இடத்து மண்தான் முடிவுசெய்யும். கால்களை ஏற்றி இறக்கும்படி அமையுங்கள். மண் துளி ஈரமாக இருந்தாலும் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காதீர்கள். களிமண்ணில் ஒட்டிய தங்கம் கழிவோடு போய்விடும்.

துருத்தியையே நான் விரும்புவேன். மோட்டாரின் சீரான காற்றோடு அதிர்வும் வேண்டும். துருத்தியோ விட்டுவிட்டு ஊதுகிறது. ஒவ்வொரு ஊதலிலும் மண் எழும்ப, தண்ணீரைவிட 2.65 மடங்கு கனமான குவார்ட்ஸ் மணல் துணிமேல் குறுக்காக வைத்த சட்டங்களைத் தாண்டி வழிய, 19.3 மடங்கு கனமான தங்கம் ஊதல் ஓய்கிற கணத்தில் சட்டத்தின் பின்னே துணிமேல் அமர்ந்துவிடுகிறது. என் பாட்டி முறத்தில் புடைத்ததும் இதே கணக்கில்தான். அவர் காற்று வரும் திசை பார்த்து இடம் மாறி உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்ட பிறகே முறத்தைத் தொடுவார். வெறும் உமித்தூசிக்கு அத்தனை கவனம்.

காரணம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. தாத்தா நிலத்தடியில் குவார்ட்ஸ் பாறையைத் துளையிட்டவர். ஐம்பது வயதில் தெருமுனைக் குழாயடிவரை போய்வர மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்குவார். பாறைத்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயான சிலிகோசிஸின் பெயரை எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் எங்கள் தெருவில் அறிந்திருந்தார்கள். 1892இல் தங்கம் கண்ட மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியைப் பற்றி அந்தக் கட்டுரையில் எழுதியபோது, மண்ணை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உயரத்திலிருந்து கொட்டிக் காற்றில் தூற்றியவர்களின் தாகத்தையும், 1903இல் வந்துசேர்ந்த தண்ணீர்க் குழாயையும் விரிவாகச் சொன்னேன். அவர்கள் சுவாசித்த தூசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தாத்தாவின் பேரனாக இருந்துகொண்டு அதை விட்டது என் தவறு.

நீங்களோ பொறியாளர். தூசியைக் கிளப்புவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெட்டியைச் செய்கிறீர்கள். மூன்று கேள்விகளில் ஒன்றுகூட மூச்சைப் பற்றியதாக இல்லை. பக்கத்தில் ஒரு குழந்தையையும் நிறுத்தப்போகிறீர்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கண்ணில் படும் தூசி விரைவில் படிந்துவிடும். நுரையீரலின் அடிவரை செல்வது சில மைக்ரான் அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் தூள். உங்கள் அரிசோனா மண்ணில் ‘வேலி ஃபீவர்’ காய்ச்சலைத் தரும் பூஞ்சையும் இருக்கிறது. மண்ணைக் கிளறும்போது அதன் வித்துகள் தூசியோடு எழுந்து மூச்சில் கலக்கும். கைக்குட்டை இவற்றில் எதையும் தடுக்காது. முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 கவசமாவது அணியுங்கள். தாடி இருந்தால் மழித்துவிடுங்கள், இல்லையேல் ஓரங்களில் தூசி நுழையும். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். அது திசை மாறினால் வேலையை நிறுத்திப் பெட்டியைத் திருப்புங்கள். உடுத்திய துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

பெரியவர்களுக்கான கவசம் பத்து வயது முகத்தில் பொருந்தாது. ஆகவே பெட்டி ஓடும் இடத்துக்கு மகனை அழைத்துச் செல்ல வேண்டாம். சட்டங்களின் பின்னே தங்கத்தோடு தங்கும் கனமான கருமணலை ஒரு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அரிக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். ஈர மண்ணில் தூசி எழாது. மஞ்சள் பொட்டு தென்பட்டால், அதை முதலில் காண்பவனும் அவனாகவே இருப்பான்.