சுகர் இல்லை என்று டிக் போட்டது யார்?

மாங்காய் சீசன் முடிந்த கையோடு பெங்களூரு போய் விமானம் ஏறும் அப்பா அம்மாக்கள் நம் பக்கம் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு பற்றித்தான். சரி, இந்த முறை அதையே பார்ப்போம். போர்வெல் மோட்டார் பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: மகன் டெக்சாஸில் இருக்கிறான். நானும் மனைவியும் ஐந்து மாதம் தங்கப் போகிறோம், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. டிராவல்ஸ்காரர் இங்கேயே 50,000 டாலர் பாலிசி போதும் என்கிறார். மகன் அங்கே ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், விலை பாதிதான். எதை எடுக்கலாம்? — ஆர்., காவேரிப்பட்டணம்

பதில்: விலை பாதி என்றதுமே எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் விருந்தாளிகளுக்கு விற்கும் பாலிசி இரண்டு ரகம். ஒன்று பட்டியல் ரகம். படுக்கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு, டாக்டர் வந்து பார்த்தால் இவ்வளவு என்று முன்பே எழுதியிருக்கும். பில் எவ்வளவு வந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் பெயராது. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ். இதில் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு, டிடக்டபிள் என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு வரம்பு வரை நூற்றுக்கு எண்பது கம்பெனி, இருபது நீங்கள். அதையும் தாண்டினால் பாலிசித் தொகை வரை முழுக்கக் கம்பெனி.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பில் 12,000 டாலர் என்று வையுங்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டிடக்டபிள் 250. அடுத்த 5,000-க்கு எண்பது-இருபது, அதில் உங்கள் பங்கு 1,000. மிச்சம் கம்பெனி. உங்கள் கையிலிருந்து போவது 1,250. அதே பில்லுக்குப் பட்டியல் ரகத்தில் எல்லாம் சேர்த்து 3,500 தேறுகிறது என்றால், 8,500 மகன் கட்ட வேண்டும். இரண்டு பாலிசியின் முகப்பிலும் 'ஒரு லட்சம் டாலர்' என்றே பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே எடுக்கும் பாலிசி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கு உள்ளே அறை வாடகைக்குத் தனி வரம்பு, ஆபரேஷனுக்குத் தனி வரம்பு என்று வைப்பதுண்டு. 'சப்-லிமிட் இருக்கிறதா' என்று டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள். முழித்தார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இங்கே எடுப்பதானால் விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். மகனிடம் இரண்டே கேள்வி: காம்ப்ரிஹென்சிவா? வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி அதன் நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிப் பட்டியலில், இருக்கிறதா?

கேள்வி: அமெரிக்க விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமா? — பெயர் வேண்டாம், பர்கூர்

பதில்: சுற்றுலா விசாவுக்குக் கட்டாயமில்லை. சொத்து இருக்கிறவர்களுக்குக் கட்டாயம்.

கேள்வி: அமெரிக்காவில் அவசரம் என்று போனால் காசு இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் பார்த்தே தீர வேண்டும் என்று சட்டமாம். அப்புறம் எதற்கு பாலிசி? மகளுக்கு வீண் செலவுதானே? — வி., பாலக்கோடு

பதில்: பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். 1986-இல் வந்த சட்டம் அது. எமர்ஜென்சி வாசலுக்கு வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும், உயிராபத்து நீங்கி நிலைப்படும் வரை பார்க்க வேண்டும், காசு கேட்டு விரட்டக் கூடாது. அவ்வளவுதான். இலவசம் என்று அதில் எங்கும் இல்லை. பில் பின்னாலேயே வரும். பதிவு மேசையில் நீட்டும் தாளில் 'நான் பொறுப்பு' என்று உங்கள் மகள் கையெழுத்துப் போட்டிருந்தால், அது அவர் தலையில்தான் விடியும். மகளுக்குச் செலவு மிச்சம் பண்ணும் அழகு இதுவா?

இன்னொன்று. காய்ச்சல், காதுவலிக்கெல்லாம் எமர்ஜென்சிக்குப் போகாதீர்கள். அங்கே 'அர்ஜென்ட் கேர்' என்று தெருமுனை கிளினிக் மாதிரி இருக்கிறது, செலவு மிகக் குறைவு. எமர்ஜென்சிக்குப் போய்ப் படுக்கையில் சேராமல் திரும்பினால், தனியாக ஒரு தொகை பிடிக்கும் பாலிசிகளும் உண்டு.

கேள்வி: அப்பாவுக்குப் பத்து வருடமாக சுகரும் பி.பி.யும். படிவத்தில் 'இல்லை' என்று போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்கிறார் ஏஜென்ட். போடலாமா? — எம்., ஓசூர்

பதில்: இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாத வருடமே இல்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

யாருக்குத் தெரியும் என்கிறாரே, உங்கள் அப்பாவே சொல்வார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' அப்பா பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டுவார். எத்தனை வருடமாக என்று கேட்டால் பத்து என்பார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். கிளைமோடு அந்தத் தாளும் கம்பெனிக்குப் போகும். ஏஜென்ட் போட்ட டிக்கும் டாக்டர் எழுதிய பத்து வருடமும் ஒரே மேசையில் சந்திக்கும். அன்றைக்கு ஏஜென்ட் போன் ஸ்விட்ச் ஆஃப்.

உண்மையைச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, 2021 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா போவதற்காக 2009-இல் பாலிசி எடுத்த ஒருவர், சர்க்கரை உண்டு என்று படிவத்தில் எழுதினார். கம்பெனி மருத்துவப் பரிசோதனையும் செய்துதான் பாலிசி கொடுத்தது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு, மூன்று ஸ்டென்ட். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. தேசிய நுகர்வோர் ஆணையத்தில் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றமோ, உடல்நிலை தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்று சொன்னது. பன்னிரண்டு வருட அலைச்சல்தான், ஆனாலும் ஜெயித்தார். அவர் கையில் இருந்தது 'ஆம்' என்று எழுதிய அந்தப் படிவம். 'இல்லை' என்று எழுதியிருந்தால் எதை வைத்து வாதாடுவது?

எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய நோய்க்கு வழக்கமான பரிசோதனை, மாத்திரை எதற்கும் இந்தப் பாலிசிகளில் பணம் வராது. முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று முற்றி, உயிருக்கே ஆபத்து என்றால்தான் பெரும்பாலும் தருவார்கள். அமெரிக்க பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் இல்லை என்றும் நிபந்தனை இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். முழுப் பாலிசியும் வேண்டாம், அந்த ஒரு பக்கம்.

கேள்வி: தங்கை பிரசவத்துக்கு அம்மா அமெரிக்கா போனார். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. பி.பி.யை மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுத்துவிட்டார்கள். நாங்கள் ஏஜென்டிடம் மாத்திரைச் சீட்டையே கொடுத்திருந்தோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். சிலர் விட்டுவிடச் சொல்கிறார்கள். — கே., பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: விடாதீர்கள். இது உங்கள் தவறு இல்லை, அம்மாவின் தவறும் இல்லை. சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு 'இல்லை' என்று டிக் போட்டவன் யாரோ, தவறு அவனுடையது.

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. படிவத்தின் நகலைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தெரியாத மொழியில் உள்ள படிவத்தை வேறொருவர் நிரப்பினால், 'படித்துக் காட்டினார்கள், புரிந்தது' என்ற உறுதிமொழி அதில் இருந்தாக வேண்டும். அம்மா கைநாட்டுப் பக்கத்தில் அது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கம் பலம். வழுக்கி விழுந்ததற்கும் பி.பி.க்கும் என்ன தொடர்பு என்பதையும் கேளுங்கள்.

இதையெல்லாம் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள், கோர்ட்டுக்குப் போகாமலே காப்பீட்டுப் புகாரை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி அவர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை பார்ப்பார்கள். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், இது ஒன்றைத் தவறவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. தபால் எல்லாம் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: லண்டனில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம்தானே? — டி., ஊத்தங்கரை

பதில்: அங்கே குடியிருப்பவர்களுக்கு. உங்களுக்கு எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பது வரைதான் இலவசம். வார்டில் சேர்த்துவிட்டால் அரசு ஆஸ்பத்திரியிலேயே வழக்கமான கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்கு.

கேள்வி: மகள் ஜெர்மனியில். விசாவுக்கு எந்த பாலிசி? அப்படியே பிரான்சும் பார்த்துவிட்டு வர ஆசை. — எஸ்., தருமபுரி

பதில்: ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. அதற்குக் குறைந்தது 30,000 யூரோ பாலிசி. அந்த 29 நாடுகளிலும் பாலிசி செல்லுபடியாக வேண்டும், தங்கும் அத்தனை நாளும் அடங்க வேண்டும், ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். பிரான்சும் அதற்குள்தான். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: டிடக்டபிள் சின்னத் தொகைதானே, அதைப் போய் ஏன் பெரிதாகச் சொல்கிறீர்கள்? — ஜே., கிருஷ்ணகிரி

பதில்: பட்டவன் சொல்கிறேன். 2017-இல் சிங்கப்பூர் போனேன். டிக்கெட் வாங்கும்போது திரையில் தானாக டிக் ஆகியிருந்த பாலிசியையும் சேர்த்தே வாங்கிவிட்டேன், படிக்கவில்லை. மூன்றாம் நாள் பல்வலி. 180 சிங்கப்பூர் டாலர் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டு, ரசீதைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து கிளைம் போட்டேன். பல்லுக்கு டிடக்டபிள் 150 அமெரிக்க டாலராம். என் பில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வந்த தொகை பூஜ்யம். நகல் எடுத்த செலவும் கூரியர் செலவும் எனக்கு.

கேள்வி: பெட்டிக்குள் மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடைந்து இரண்டு பட்டுப்புடவை பாழ். டிராவல் பாலிசியில் சாமானுக்கும் உண்டு என்று போட்டிருக்கிறதே, கேட்கலாமா? — பி., காரிமங்கலம்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. விமானக் கம்பெனி தொலைத்தால், தாமதித்தால்தான் அது. நீங்கள் கட்டிய ஊறுகாய்க்கு நீங்கள்தான் காப்பீடு.

கேள்வி: எங்கள் ஊர் ஏஜென்ட் பாலிசி எடுத்தால் டிராலி பேக் இலவசம் என்கிறார். பிரீமியம் மற்ற இடத்தைவிட 1,100 ரூபாய் அதிகம். எடுக்கலாமா? — என்., பென்னாகரம்

பதில்: நான் எடுத்தேன். பெங்களூரு விமான நிலைய வாசலிலேயே ஒரு சக்கரம் கழன்று உருண்டு போனது. இப்போது அதில் கேழ்வரகு கொட்டி வைத்திருக்கிறோம்.