ரோமியோ படத்துல எதுக்கு இத்தனை சிலுவை?

கேள்வி: சார், எங்களுக்கு காலேஜ்ல ரோமியோ ஜூலியட் பாடம். மிஸ் 1996ல வந்த டிகாப்ரியோ படத்தைப் போட்டுக் காட்டினாங்க. எங்க பார்த்தாலும் சிலுவை, துப்பாக்கி மேலகூட மாதா படம், போதாததுக்கு சர்ச்சுக்குள்ள பாப் பாட்டு வேற. ஷேக்ஸ்பியர் நாடகத்தை இப்படியெல்லாம் பண்ணலாமா?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: பண்ணலாமான்னு கேக்குறதுக்கு முன்னாடி உங்க பாட புக்ல முதல் அங்கம் அஞ்சாவது காட்சிய ஒருதடவை படிச்சுப் பாருங்க. விருந்துல ரோமியோ முதல் முதலா ஜூலியட் கையைத் தொட்டுட்டு என்ன சொல்றான்? உன் கை ஒரு புனிதமான கோயில், என் உதடு ரெண்டும் வெக்கப்பட்டு நிக்குற யாத்ரீகர்கள்ங்கறான். அவ மட்டும் லேசுப்பட்டவளா, யாத்ரீகன் உள்ளங்கையோட உள்ளங்கை சேர்த்து வைக்கிறதுதான் அவனுக்கு முத்தம்னு அழகா மடக்கிடுறா. இப்படி ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுற 14 வரி சேர்ந்து ஒரு முழு சானட், அதாவது 14 வரிக் காதல் கவிதை, ஆயிடுது! அப்புறம் பால்கனி சீன்ல அவளை தேவதைன்னு கூப்பிடுறான், படத்துல பார்ட்டிக்கு அவ ரெக்கை கட்டிட்டு வர்றது அதனாலதான். ஆக சாமி சமாச்சாரம் பூரா ஷேக்ஸ்பியரே எழுதி வச்சது, டைரக்டர் பாஸ் லுர்மன் அதைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி மாட்டிவிட்டாரு, அவ்வளவுதான்.

துப்பாக்கில மாதா படம் உறுத்துதா? உறுத்தணும். ரோமியோ, ஜூலியட்டோட பகையாளிக் குடும்பம் ரெண்டும் கழுத்துல சிலுவை போட்டுக்கிட்டே சுட்டுக்கிறாங்க, ஊர் நடுவுல அவங்க ரெண்டு பில்டிங்குக்கும் இடையில இயேசு சிலை சும்மா நின்னு பார்த்துட்டு இருக்கு.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1984ல பாடின பாப் பாட்டை சர்ச்ல ஒரு சின்னப் பையன் பாடுறப்போ அது ஜெபப் பாட்டு மாதிரியே ஆயிடுது, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச இடம். இதுக்கும் மூல நாடகத்துலயே ஆதாரம் இருக்கு, நாலாவது அங்கம் கடைசில ஜூலியட் செத்துட்டான்னு வீடே அழுதுட்டு இருக்கும்போது பீட்டர்ங்கற வேலைக்காரன் கல்யாணத்துக்கு வந்த வாத்தியக்காரங்ககிட்ட ‘ஹார்ட்ஸ் ஈஸ்’ வாசிங்கன்னு கெஞ்சுவான், அது அந்தக் காலத்து ஹிட்டு பாட்டுங்க! எழவு வீட்டுக் காட்சிக்குப் பொருந்தலைன்னு நிறைய பேர் அதை வெட்டிடுவாங்க. ஆனா அந்தக் காலத்துல சோகத்தோட ஆட்டம் பாட்டம் கலக்குறது புதுசில்ல, 1599ல லண்டன்ல ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்த தாமஸ் பிளாட்டர்ங்கற சுவிஸ்காரர் நாடகம் முடிஞ்சதும் நடிகருங்க டான்ஸ் ஆடினாங்கன்னு எழுதி வச்சிருக்காரு, சீசரைக் குத்திக் கொன்ன அதே மேடைலதான்.

எனக்குக் குறையே இல்லைன்னு சொல்லல. நாடகத்துல செத்த மாதிரி தூங்க வைக்கிற மருந்தைக் குடிக்கறதுக்கு முன்னாடி ஜூலியட் எப்படி பயப்படுவா தெரியுமா, கல்லறைக்குள்ள மூச்சு முட்டுமோ, முன்னோர் எலும்புக்கு நடுவுல பைத்தியம் பிடிச்சிடுமோன்னு. படத்துல அந்தக் கல்லறை எங்க? சர்ச் பூரா மெழுகுவர்த்தி, நீல நியான் சிலுவை, கல்யாண மண்டபம் மாதிரி ஜெகஜோதியா இருக்கு. பார்க்க அழகுதான், ஆனா அந்த பயம் சுத்தமா காணாம போச்சு.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்கம்மா, படத்துல ரோமியோ விஷம் குடிக்கிற நேரத்துல ஜூலியட் கண்ணு முழிச்சு அவன் முகத்தைத் தொடுவா. நாடகத்துல அவன் செத்த பிறகுதான் முழிப்பா. பரீட்சைல படத்தை எழுதி வச்சுட்டு வந்துடாதீங்க.