கடலோரப் பெருவீட்டில் கூடித் தங்குதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்று தலைமுறையினருமாக 22 பேர் ஒரு வாரம் ஒன்றாகத் தங்க விரும்புகிறோம். ஊர்களிலிருந்து வெகு தொலைவில், காடும் கடலும் சந்திக்கும் இடத்தில், '24 பேர் தங்கலாம்' என்று விளம்பரம் செய்யப்பட்டுள்ள சொகுசு வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். படங்கள் மிக அழகாக இருக்கின்றன. முன்பணம் கட்டுவதற்கு முன் எவற்றை விசாரிக்க வேண்டும்?

பதில்: படங்களில் தெரியாதவற்றை எல்லாம் விசாரியுங்கள். நகரத்து விடுதிக்குத் தண்ணீரும் மின்சாரமும் வெளியிலிருந்து வருகின்றன. கழிவும் குப்பையும் யாரோ ஒருவரின் பொறுப்பில் வெளியேறுகின்றன. ஊரை விட்டுத் தள்ளித் தனியே நிற்கும் வீடு இவை அனைத்தையும் தானே சமாளித்தாக வேண்டும். ஆறு பேர் தங்கும்போது ஒரு குறையும் தெரியாத அதே வீடு, 22 பேர் நிறைந்த இரண்டாம் நாள் காலையில் திணறத் தொடங்கிவிடும். எனவே கண்ணாடிச் சுவரையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மனம் நிறைவதற்கு முன், வீடு முழுதாக நிரம்பியிருக்கும்போது அது எப்படி இயங்குகிறது என்பதை உரிமையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், 24 என்ற எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். கூடத்தில் விரிக்கும் சோபா கட்டில்களையும், குழந்தைகளுக்கான அடுக்குக் கட்டில்களையும் சேர்த்து எண்ணியிருக்கக்கூடும். எந்த அறையில் எத்தனை கட்டில், எந்த அளவுக் கட்டில், எந்த அறையுடன் குளியலறை சேர்ந்துள்ளது என்று அறைவாரியாக எழுதி வாங்குங்கள். நான்கு பேருக்கு ஒரு குளியலறை என்பதை விடக் குறைந்தால், எவ்வளவு பளிங்கு பதித்திருந்தாலும் அந்த வீட்டைச் சொகுசு வீடு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது வெந்நீர். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரிய குழுக்களுக்கு முதல் மனக்கசப்பு இங்கேதான் தோன்றுகிறது. 300 லிட்டர் கொள்ளும் வெந்நீர்த் தொட்டி ஒன்றில் தண்ணீர் 60 டிகிரி செல்சியசில் இருப்பதாகக் கொள்வோம். குழாயில் வரும் நீர் 20 டிகிரி என்றால், இரண்டையும் சரிபாதியாகக் கலந்து, குளிப்பதற்கு ஏற்ற 40 டிகிரி நீர் 600 லிட்டர் கிடைக்கும். பூவாளிக் குழாயில் ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால் ஏறத்தாழ 75 லிட்டர் செலவாகிறது. ஆக எட்டுப் பேர் குளித்து முடித்ததும் தொட்டி தீர்ந்துவிடும். அதே அளவு நீரை மறுபடி 60 டிகிரிக்குச் சூடாக்க 14 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அதற்கு நாலரை மணி நேரத்துக்கும் மேலாகும். ஒன்பதாவதாகக் குளிக்கச் செல்பவர் பெரும்பாலும் எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு வருபவராகவோ, தாமதமாக எழும் முதியவராகவோ இருப்பார். ஆகவே எத்தனை தொட்டிகள், ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், எந்த முறையில் சூடாகிறது என்ற மூன்றையும் கட்டாயம் கேளுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் அதே அளவு முக்கியமானது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 150 லிட்டர் என்று வைத்தாலும், உங்கள் குழுவுக்கு நாள்தோறும் 2,200 முதல் 3,300 லிட்டர் வரை தேவைப்படும். கடலோர நிலத்தடியில் நன்னீர், எடை மிகுந்த உப்புநீரின் மேல் மிதந்தபடி இருக்கிறது. கிணற்றிலிருந்தோ ஆழ்துளையிலிருந்தோ அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறி வந்துவிடும், கெட்ட கிணறு மீண்டும் நன்னீருக்குத் திரும்புவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். உரிமையாளர் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடச் சொன்னால் அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கழிவுநீரைப் பற்றிக் கேட்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான் இருக்கும். திடக்கழிவு அடியில் படிந்து நுண்ணுயிர்களால் சிதைய, தெளிந்த நீர் மட்டும் மண்ணுக்குள் வடிவதே அதன் முறை. ஒரே காலையில் இருபது பேர் குளித்து, சலவை இயந்திரமும் ஓடினால், படிவதற்கு நேரமில்லாமல் திடக்கழிவும் நீரோடு சேர்ந்து வெளியேறி, வடிநிலத்தை அடைத்துவிடும். எத்தனை பேருக்காகக் கட்டப்பட்ட தொட்டி, கடைசியாக எப்போது கசடு அகற்றப்பட்டது என்று கேட்டு, அந்தப் பதில் தயக்கமின்றி வருகிறதா என்று கவனியுங்கள். ஈரத் துடைப்புத் தாள்களையும் சமையல் எண்ணெயையும் கழிவுக்குழாயில் விடக்கூடாது என்று குழுவினருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சலவையை ஒரே நாளில் குவிக்காமல் பல நாட்களுக்குப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மற்றவை சிறியவை. முதியவர்களுக்குத் தரைத்தள அறை வேண்டும், அங்கிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியில் படி இருக்கக்கூடாது. 22 பேரும் ஒருசேர அமர்ந்து உண்ணும் மேசை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் நீங்கள் கூடுவதன் நோக்கமே பாதியாகிவிடும்.

கேள்வி: வீட்டு வாசலிலேயே கடற்கரை என்கிறார்கள். எங்களுடன் சிறுவர்கள் பலர் வருகிறார்கள். ஆளரவமற்ற கடற்கரை என்பதால் நிம்மதியாக விளையாடலாம் அல்லவா?

பதில்: ஆளரவமற்ற கடற்கரை என்றால் உயிர்காப்பாளரும் இல்லாத கடற்கரை. இதை மனத்தில் இருத்திக்கொண்ட பிறகு மற்றவற்றைப் பேசுவோம்.

கரையை நோக்கி வரும் அலைநீர் திரும்பிச் செல்ல வழி தேடுகிறது. மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியாக அது ஒடுங்கிய நீரோட்டமாகக் கடலுக்குள் பாயும். இருபுறமும் வெள்ளை வெளேரென்று அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருத்தோ கலங்கியோ, நுரை வெளிப்புறமாக நகர்ந்துகொண்டோ இருந்தால் அதுவே இழுப்பு நீரோட்டம். அறியாதவர் கண்ணுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும், குழந்தைகளும் அங்கேதான் இறங்குவார்கள். வலிமையான இழுப்பு நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் ஓடக்கூடியது, பயிற்சி பெற்ற நீச்சல்காரராலும் அதை எதிர்த்துக் கரை சேர முடியாது. அதில் சிக்கியவர் எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்திலிருந்து விலகிய பின் கரை திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் பதறிப்போய்க் கடலில் குதிக்கக் கூடாது. காப்பாற்றச் சென்றவரே மூழ்கிய துயரங்கள் மிகப் பல. மிதக்கும் பொருள் எதையாவது எறிந்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். கயிற்றுடன் கூடிய மிதவை வளையம் ஒன்று வீட்டில் உள்ளதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கடல் ஏற்றவற்றத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், நேற்று உச்ச ஏற்றம் வந்த நேரத்துக்கு இன்று 50 நிமிடம் தாமதமாக அது வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். ஏற்ற அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது: கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகிறது, வேறு சில கடல்களிலோ அரை மீட்டர்கூட இருப்பதில்லை. நீர் சீராக ஏறுவதும் இல்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவே உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். பாறைகளைச் சுற்றிக்கொண்டு அடுத்த சிறு விரிகுடாவுக்கு நடந்து சென்றவர்கள் திரும்பும் வழி மூடிப்போய் மாட்டிக்கொள்வது இதனால்தான். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவைப் போல, சில இடங்களுக்குச் செல்லும் சாலையே நாளுக்கு இரண்டு முறை நீரில் மூழ்குகிறது. உங்கள் வீட்டுக்கான வழி அப்படிப்பட்டதாக இருந்தால், வந்து சேரும் நேரத்தை ஏற்றவற்ற அட்டவணையே முடிவு செய்யும்.

குளிர்ந்த கடலாக இருந்தால் இன்னுமொரு எச்சரிக்கை. 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென இறங்கும்போது மூச்சு தன்னிச்சையாக உள்ளிழுக்கப்பட்டு, நீரைக் குடிக்க நேரிடும். முதல் ஓரிரு நிமிடங்கள் மிகவும் ஆபத்தானவை. மெல்ல இறங்குங்கள், பிள்ளைகளைத் தனியே இறங்க விடாதீர்கள். பெரிய கூட்டத்தில் 'யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்' என்று எல்லாருமே நினைத்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் குறித்துக் காவல் முறை வையுங்கள். நீச்சல் குளத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: இரவில் கடலைப் பார்த்த பக்கத்து விளக்குகளை அணைக்க வேண்டும், மணல்மேடுகளின் மேல் நடக்கக் கூடாது, நாயைக் கட்டியே வைக்க வேண்டும் என்றெல்லாம் நாங்கள் எடுத்த வீட்டின் விதிகள் சொல்கின்றன. இவ்வளவு பணம் கொடுத்த பிறகு இத்தனை கட்டுப்பாடுகள் நியாயமா?

பதில்: முற்றிலும் நியாயம். இந்த விதிகளை எழுதிய உரிமையாளரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நீங்கள் எதைக் காண இவ்வளவு தூரம் போகிறீர்களோ, அதை உயிருடன் வைத்திருப்பவை அந்த விதிகளே.

கடலாமைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலுக்குள்ளிருந்து வெளிவருகின்றன. இயற்கையான இருளில் கடல்பக்கத்து அடிவானமே வெளிச்சமாக இருக்கும், குஞ்சுகள் அதை நோக்கியே நகரும். உங்கள் முகப்பு விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை வீட்டை நோக்கித் திரும்பி, மணலில் அலைந்து, களைத்தும் காய்ந்தும் இறக்கின்றன, அல்லது நண்டுக்கும் பறவைக்கும் இரையாகின்றன. முட்டையிடக் கரையேறும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டு முட்டையிடாமலே திரும்பிவிடலாம். வெளிச்சம் தேவைப்படும் இடத்தில் தரையை நோக்கிய, மறைப்புள்ள, செம்மஞ்சள் நிற விளக்கு போதுமானது. ஆமையைக் கண்டால் கைபேசி ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்க வேண்டாம்.

மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் மேல் படர்ந்த கொடிகளும் புற்களும்தான். நாலைந்து பேர் திரும்பத் திரும்ப நடந்த தடத்தில் அவை பட்டுப்போய், அந்தத் தடத்தின் வழியே காற்று மணலை அள்ளிச் செல்லத் தொடங்கும். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டைப் புயல் அலையிலிருந்து காக்கும் அரணும் அதுவேதான். நாயைக் கட்டச் சொல்வதற்குக் காரணம் உப்புக்கொத்திகள் போன்ற பறவைகள். அவை திறந்த மணலில் சிறு குழியில் முட்டையிடுகின்றன, புள்ளிகள் கொண்ட அந்த முட்டை கூழாங்கற்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாது. நாய் துரத்தித் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், சற்று நேரத்திலேயே வெயில் முட்டையைக் கெடுத்துவிடும், அல்லது காகம் கொண்டுபோய்விடும்.

கேள்வி: அங்கே கைபேசிக்குச் சிக்னல் இல்லையாம். அவசரம் என்றால் என்ன செய்வது?

பதில்: ஆறு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள்: சிக்னல் கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம் எது, வீட்டில் தரைவழித் தொலைபேசியோ செயற்கைக்கோள் தொலைபேசியோ உண்டா, மருத்துவமனைக்குக் காரில் எத்தனை நிமிடம், மழைக்காலத்திலும் சாலை திறந்திருக்குமா, ஆம்புலன்ஸ் வீடு வரை வர முடியுமா, இரவில் அழைத்தால் வரக்கூடிய பொறுப்பாளர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார். வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதிக் கதவருகே ஒட்டிவையுங்கள், ஏனெனில் தெருப்பெயர் இல்லாத இடத்தை மீட்புக் குழுவினர் அந்த எண்களைக் கொண்டுதான் கண்டுபிடிப்பார்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களின் மருந்தை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துச் செல்லுங்கள்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும் என்றால், அது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். தாழ்வாரத்திலோ வாகனக் கொட்டகையிலோ ஓட்டவே கூடாது. சன்னல்களிலிருந்து ஆறு மீட்டருக்கும் மேல் தள்ளித் திறந்தவெளியில் இருக்க வேண்டும், படுக்கையறைகள் உள்ள ஒவ்வொரு தளத்திலும் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும்.

கேள்வி: கடலோரத்தில் எங்களுக்கு நிலம் இருக்கிறது. பெரிய குழுக்களுக்கு வாடகைக்கு விடும்படியான வீடு ஒன்றைக் கட்ட எண்ணுகிறோம். நிலத்தின் இயல்பு கெடாமல் கட்ட முடியுமா?

பதில்: முடியும். அதற்குச் சிறந்த பாடம் வட கலிஃபோர்னியாவின் கடற்கரையில் 1960களில் உருவான 'சீ ராஞ்ச்' குடியிருப்பு. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய ஆட்டுப் பண்ணையில் ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே, நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் அங்கு வீசும் காற்றையும், நிலத்தின் போக்கையும், தாவரங்களையும் ஆராய்ந்தார். காற்றைத் தடுக்க முன்பே நட்டு வளர்க்கப்பட்டிருந்த சைப்ரஸ் மர வரிசைகளின் ஓரமாகவே வீடுகளைக் கொத்தாக வைத்து, இடையிலுள்ள புல்வெளிகளைத் திறந்தபடி விட்டார்கள். கட்டடக் கலைஞர் ஜோசப் எஷெரிக் அங்கே கட்டிய வீடுகளின் சரிந்த கூரைகள் கடற்காற்றை மேலே ஏற்றிக் கடத்திவிடுகின்றன, காற்று பிடித்துத் தூக்குவதற்கு நீட்டிய இறவாணமே இல்லை. சுவர்ப் பலகைகளுக்கு வண்ணம் பூசாமல் விட்டதால், அவை நாளடைவில் சாம்பல் நிறமாகிப் பாறையோடும் புல்லோடும் ஒன்றிவிட்டன.

உங்கள் நிலத்திலும் ஓர் ஆண்டு முழுவதும் காற்று எந்த மாதத்தில் எங்கிருந்து வீசுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, கரை எவ்வளவு அரிக்கப்படுகிறது என்று பார்த்த பிறகே வரைபடம் போடுங்கள். கடலுக்கு எவ்வளவு அருகில் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது என்பது ஓர் எல்லை, அரிப்பின் வேகம் இன்னோர் எல்லை. இரண்டில் எது கடலிலிருந்து தொலைவோ அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரும்பு வேலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். உப்புக் காற்றில் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகும் பழுப்புக் கறை கட்டும், அதனால் கைப்பிடி, கீல், திருகாணி அனைத்துக்கும் மாலிப்டினம் கலந்த 316 வகையையே கேட்டு வாங்குங்கள். கான்கிரீட்டில் கடல்மணலையோ உப்புநீரையோ சேர்க்க ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டையே வெடிக்கச் செய்யும். அந்த விரிசல் வெளியே தெரியும் நாளில் பழுதுபார்ப்பதற்கான காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.