செம்பனையின் அறிவியல் பெயரை எப்படிச் சொல்வது?

கேள்வி: படிவம் ஐந்தில் உயிரியல் படிக்கும் என் மகள், பாமாயில் தரும் செம்பனையின் பெயரை (Elaeis guineensis) 'எலேயிஸ் கினீன்சிஸ்' என்று வாசிக்கிறாள். இது சரியா ஐயா? பொருள் என்ன?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: முதற்சொல் சரி, இரண்டாவதில் ஓர் அசை விழுங்கப்பட்டிருக்கிறது. இலத்தீன் எழுத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எகரங்களும் நெடிலாகச் சேர்வதில்லை. ஒன்று மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் பெயரான 'கினி'யின் முடிவு, மற்றது 'என்சிஸ்' என்னும் விகுதியின் தொடக்கம். மணியும் அடித்தானும் சேர்ந்து 'மணியடித்தான்' ஆவதுபோல், நம் நாவில் யகர உடம்படுமெய் தானாக வந்து 'கி-னி-யென்-சிஸ்' என நான்கு அசையாகும். அழுத்தம் 'யென்' மீது விழ வேண்டும். முதல் ககரத்தை 'அங்கே' என்பதில் ஒலிப்பதுபோல் மெலிதாக ஒலிக்க வேண்டும்.

'என்சிஸ்' என்றால் அவ்விடத்தைச் சேர்ந்தது. நாம் 'ஈப்போக்காரர்' என்பதைப் போன்றது. ரப்பரின் 'ஹீவியா பிரசிலியென்சிஸ்' என்னும் பெயரிலும் இதே விகுதிதான் பிரேசிலைச் சுட்டுகிறது. 'எலேயிஸ்', ஒலிவ மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழுத்து உதிர்ந்த செம்பனைப் பழமொன்றை விரல்களால் நசுக்கி, நகக்கண்வரை செம்மஞ்சள் எண்ணெய் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்புமை உடனே விளங்கும். 1763-இல் தாவரவியலாளர் ஜாக்குவின் சூட்டிய இப்பெயருக்குரிய மேற்கு ஆப்பிரிக்க மரம், 1917-இல் உங்கள் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் நம் மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் நடப்பட்டது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.